சுந்தரி இழுக்காத கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்மணிகளே. ஒரு கைக்குள் அடங்குகிற சின்னக் கதைதான், சொல்லிவிடுகிறேன்.

மலைநாட்டில், திகன என்கிற ஊருக்கு மேலே ஒரு மேட்டில், மண்ணுக்கடியில் ஸிபான் மல்லாந்து படுத்திருந்தான்.

பயப்படாதீங்க, படப்பிடிப்புத்தான். மண்சரிவில் புதைந்த மகனாக அவன் நடிக்கிறான். பலகைப் பெட்டிக்குள் உடம்பு. மூடியில் ஒரு துளை, அதன் வழியாக வலது கை மட்டும் வெளியே. மேலே தேங்காய்த் தும்புத்தூள் கலந்த லேசான மண். மூச்சுக்கு ஒரு குழாய், அதன் வாயைப் புல்லுக்குள் ஒளித்திருந்தார்கள். இடது கையில் ஒரு கயிறு. மறுமுனை வெளியே நிற்கிற அவன் கூட்டாளி அஸ்ஃபரிடம்.

“மூச்சு முட்டினா இழு மச்சான், ஹீரோ வேல காட்டாத” என்று சொல்லித்தான் அஸ்ஃபர் மூடியைப் போட்டான்.

அம்மாவாக நடிப்பவள் சுந்தரி. அழுகிற கூட்டத்தில் ஒருத்தியாக வந்தவள், இந்த வேஷத்தைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலை லேசு. மண்ணைத் தோண்டி, கையைக் கண்டு, இழுக்க வேண்டும். பலகை விலகும், மகன் எழும்புவான்.

தோண்டினாள். கையைக் கண்டாள். பிடித்தாள்.

இழுக்கவில்லை.

இரண்டு தடவையும் அப்படியே. இரண்டு தடவையும், குழாய் இருந்தும், அந்த இருட்டில் ஸிபானுக்கு நெஞ்சு அடைத்துக் கயிற்றை இழுத்துவிட்டான். காட்சி கெட்டது.

“என்னம்மா, கைரேகையா பாக்குறீங்க?” என்றார் டைரக்டர் ஸ்ரீதரன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இன்னும் ஒரு தடவைதான், அதுவும் கெட்டால் அம்மா வேஷம் வேறு ஆளுக்கு என்றும் சொல்லிவிட்டார். ஸிபானுக்குப் பழைய கட்டளைதான்: விரல் அசையவே கூடாது. மகன் போய்விட்டான் என்றே பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும்.

மூன்றாம் தடவையும் மூடி விழுந்தது, மண் விழுந்தது. மேலே தோண்டுகிற சத்தம். சுந்தரியின் விரல்கள் வந்து அவன் கையைப் பிடித்தன.

மறுபடியும் அப்படியே நின்றன.

அவனுக்கு நெஞ்சு அடைத்தது. கயிற்றைச் சுண்டப் போனான்.

இந்தத் தடவை அவள் மண்ணோடு மண்ணாகக் குனிந்திருந்தாள் போல. குழாய் வழியாக ஒரு குரல் இறங்கியது. மேலே நின்ற ஒருவருக்கும் கேட்காத குரல்.

“அன்னைக்கு மண்ணு சரிஞ்சப்பவும் இப்படித்தானே சாமி சும்மா கெடந்த. ஒருக்கா அம்மா கையப் புடிய்யா. தூக்கிருவேன்.”

ஸிபான் கயிற்றை விட்டான்.

வலது கையால் அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

அவள் இழுத்த இழுப்பில் பலகையே பிளந்துபோனது என்று அஸ்ஃபர் இன்றைக்கும் சொல்கிறான்.

போய் வாங்க, கண்மணிகளே. உங்கள் வீட்டில் நீங்கள் பிடிக்கிற ஒவ்வொரு கையும் உங்களைத் திருப்பிப் பிடிக்கட்டும்.