கரும்பு வயலில் ஒரு குழி

"போதும் ஓய்! எதிரிக்கு அரண்மனையா கட்டப் போறே?" என்றான் லக்கா சிங்.

மெஹர் சிங் மண்வெட்டியை நிறுத்தவில்லை. எல்லையோரக் கேம்கரனில் நடந்த டாங்கிச் சண்டை முடிந்து மூன்று நாள் ஆகிறது. பட்டாளம் உடைத்துவிட்ட வாய்க்கால் தண்ணீரில், அவனுடைய கரும்பு வயல் சேற்றில் சிக்கிய பாகிஸ்தான் டாங்கி இன்னும் புகை நாறியது. அதற்குள் செத்துக் கிடந்தவனைப் போர்வையில் சுற்றிக் கட்டி, "மேட்டில் புதைச்சிடுங்க" என்று இவர்களிடம் கொடுத்துவிட்டுப் பட்டாளம் போய்விட்டது. கட்டும் முன்பே முகத்தை மெஹர் பார்த்திருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை.

"தூக்கிப் போட்டு மூடு. ஓடிப்போன எருமையை நான் தேடணும்."

"நரி தோண்டிடும் அண்ணே. இன்னும் ஒரு முழம்."

"நரிக்கும் பசிக்கும்ல?" லக்கா காறித் துப்பினான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஊரில் முதலில் பல்லைக் கடிப்பவன் அவன்தான்.

அவன் பக்கத்து வயல்காரனாக வாய்த்தது மெஹரின் தலையெழுத்து. பதினெட்டு வருஷத்துக்கு முன், நாடு பிரிந்த கலவரத்தில் குடும்பத்தையே பறிகொடுத்த மெஹர்தீன் என்ற முஸ்லிம், முடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, லாகூர் பக்கத்துச் சீக்கிய அகதி என்று சொல்லிக்கொண்டு இங்கே மெஹர் சிங் ஆனான். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. இந்தச் சமயத்தில் தெரிந்தால், வெட்டிப்போட லக்கா ஒருவனே போதும்.

இருவரும் பிள்ளையைக் குழியில் இறக்கினார்கள். மெஹரின் கைகள் அவனைக் கேட்காமலே வேலை செய்தன. தலையை வடக்கே வைத்து, வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தை மேற்கே மெக்கா பக்கம் திருப்பி, முதுகுக்கு ஒரு மண்கட்டியை அண்டக் கொடுத்தன.

நிமிர்ந்தால், லக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் ஓய், இப்படிச் சாய்ச்சு வச்சே?"

"குழி... குறுகலா இருக்கு அண்ணே."

"அரண்மனை மாதிரி வெட்டிட்டு, குறுகலா?"

லக்கா இடுப்பிலிருந்த கிர்பான் கத்தியை உருவினான். மெஹர் ஓடவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

வெட்டு விழவில்லை. குழிக்குள் ஏதோ அறுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். லக்கா குனிந்து, போர்வையின் தலைமாட்டு முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தான்.

"முடிச்சை அவிழ்க்காம மூடக்கூடாது. மறந்துட்டியா?"

பிறகு தலைமாட்டில் நின்று மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான். நரைத்த தாடிக்குள், பதினெட்டு வருஷமாக மெஹர் வாய்விட்டுச் சொல்லாத அதே அரபு வார்த்தைகளை, லக்காவின் உதடுகள் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தன.