கடைசி ஜன்னலுக்கு வலை

மிளகு என்ற தங்கள் பூனையை வெளியே விடுவதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்தது. அது சுற்றித் திரிகிற ஜீவன் என்றான் பூவராகன். தெருவில் லாரி ஓடுகிறது என்றாள் திலகவதி. அவள்தான் ஜெயித்தாள். வலை அடிப்பவர் நான்கு ஜன்னல்களை முடித்து, ஐந்தாவதை அளந்துகொண்டிருந்தபோது, மிளகு அதன் வழியாக உள்ளே குதித்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பு. மீசையில் ஒரு தயிர்சாதப் பருக்கை.

திலகவதி அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அடிப்பாவி! நமக்கே தெரியல. யாரோ வளைகாப்பே போட்டு அனுப்பியிருக்காங்க!"

"யாரும்மா அது?" என்றார் வலைக்காரர்.

"இவ புகுந்த வீட்டுக்காரங்களா இருக்கும்," என்றான் பூவராகன். "வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைத் தாய்வீட்டுக்குத்தானே அனுப்புவாங்க?"

திலகவதி அலமாரியைத் திறந்து, தன் நல்ல பருத்திப் புடவையையே எடுத்துக் கூடையில் விரித்தாள். மிளகு இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. வலைக்காரர் ஆணியை எடுத்தார்.

"அண்ணே, அந்த ஜன்னலை மட்டும் விட்டுருங்க," என்றாள் அவள். "குழந்தை பார்க்கச் சம்பந்தி வீட்டுலேருந்து வருவாங்க."