கேசட்டில் பதிந்த அதட்டல்

சாயங்கால வெயில் டிரம்மின் பித்தளைத் தட்டுகளில் மின்னுகிறது. அக்காவும் தங்கையும் பள்ளிக்காலத்தில் உருகிக் கேட்ட பாட்டுக்குழு, நரைத்த தலைகளோடு மேடையில் அவர்களுக்கு அன்று பிடித்த பாட்டைப் பாடுகிறது. அதை ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிந்த அன்று, இசை சட்டென நிற்கும் இடத்தில் அப்பாவின் அதட்டலும் பதிந்துவிட்டது. அதையும் சேர்த்தேதான் இருவருக்கும் மனப்பாடம். அந்த இடம் நெருங்குகிறது. "வேணாம்க்கா, நீ இப்போ ஹெட்மிஸ்ட்ரஸ்," என்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை கையைப் பிடிக்கிறாள். இசை நிற்கிறது. "ரெண்டு பேரும் போய்ப் படிங்கடி." அப்பாவின் அதட்டல் அக்காவின் தொண்டையிலிருந்து இடியாக இறங்குகிறது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்புகின்றன. பாடகர் மைக்கை வாயருகே கொண்டுபோய், அன்று இருவருக்கும் சொல்ல வாய் வராத பதிலைச் சொல்கிறார்: "படிக்கிறோம் டீச்சர். முதல்ல பாட்டு முடியட்டும்." டிரம் அதிர்கிறது, மைதானமே ஆர்ப்பரிக்கிறது, தலைமையாசிரியை பெஞ்சின்மேல் ஏறி நிற்கிறாள்.