பதினான்காவது விதி

“செதுக்கினவன் பேரு முன்னுக்கு வராட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன் தொரை” என்றார் செல்லையா.

“படத்தை வரைஞ்சவருதானுங்க ஓவியர். மரத்தைச் செதுக்கினவரு பேரு கடைசியில வந்தாப் போதும்” என்றார் ஆறுக்குட்டி.

அரவேணு என்ற மலையூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னத் தேயிலை ஃபேக்டரிக்கு ஆறுக்குட்டி மேனேஜர். செல்லையா தொழிற்சங்கத் தலைவர். பச்சைத் தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போனதில் ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டுக்கு வெளியே, தார்ப்பாய்க்கு அடியில் நூற்றிருபது பேர் குளிரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே மும்முரமாகப் பேச்சுவார்த்தை நடப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நடக்கத்தான் செய்தது, பதினோரு நாளாக. ஆனால் ஃபேக்டரியைப் பற்றி அல்ல.

இணையத்தில் ‘அச்சோவியக் களஞ்சியம்’ என்று ஒன்று இருந்தது. மரத்தில் செதுக்கியும் தகட்டில் வெட்டியும் அச்சிடும் படங்களைப் பற்றி அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பழைய தேயிலை லேபிள்களைச் சேர்க்கும் பைத்தியம் ஆறுக்குட்டிக்கு. செல்லையாவோ முப்பது வருஷம் பேக்கிங் ரூமில் தேயிலைப் பெட்டிகள் மேல் தகடு வைத்து மார்க் அடித்தவர். இருவரும் அங்கே புனைபெயரில் எழுதிவந்தார்கள்.

பேச்சுவார்த்தையின் முதல் நாள், வாரம் மூன்று நாள்தான் வேலை தர முடியும் என்றார் ஆறுக்குட்டி. ஐந்து நாளுக்குக் குறையாது என்றார் செல்லையா. அந்தச் சமயம் பார்த்து மேனேஜரின் கம்ப்யூட்டரில் களஞ்சியத்தின் பக்கம் அவருடைய புனைபெயரோடு திறந்து கிடந்தது. அதைப் பார்த்த செல்லையா தன் புனைபெயரையும் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகத் தன் கட்டுரைகளைக் கொத்திக் குதறிய மகானுபாவர் எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று. அதோடு ஃபேக்டரி பேச்சு நின்றது. களஞ்சியத்துக்கு எழுத்து விதிகளை வகுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று மல்லுக்கு நின்றார்கள்.

கோயம்புத்தூரில் இருந்த முதலாளிக்குச் சலித்துவிட்டது. “நீங்க ரெண்டு பேரும் எதுல கையெழுத்துப் போட்டாலும் எனக்குச் சம்மதமுங்க, ஆளை விடுங்க” என்று போனை வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் ஆபீஸ் கிளார்க் ராஜப்ரியா. பாய்லர் பார்க்கும் அவள் புருஷனும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தான். மத்தியானச் சோற்றைக் கேட் கம்பி வழியே கொடுத்துவிட்டு வந்து, அவள் மறுபடி டைப் அடிப்பாள். ‘அற்புதமான’ என்று எழுதக் கூடாது. படத்தின் அளவை சென்டிமீட்டரில் தர வேண்டும். பதினான்காவது விதி மட்டும் மூன்று நாளைத் தின்றது: முழுக்கப் படிக்காமல் யாரும் எந்தப் பக்கத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது. ஒவ்வொரு வரியும் என்றார் செல்லையா. ஒவ்வொரு எழுத்தும் என்றார் ஆறுக்குட்டி. பதினைந்தாவது விதி பிரச்சினை இல்லாமல் முடிந்தது: இருவர் ஒப்புதல் தந்த பக்கத்தை ஒருவர் மட்டும் மாற்ற முடியாது.

இப்போது கடைசி விதியில் வண்டி நின்றுவிட்டது.

“ஏனுங்க சார், வரைஞ்சவரு, செதுக்கினவரு, அச்சடிச்சவரு, மூணு பேரையும் ஒரே வரியில போட்டுட்டா என்னங்க? மூணு பேருல ஒருத்தர் இல்லேன்னாலும் படமே இல்லைங்களே” என்றாள் ராஜப்ரியா.

இருவரும் வெகுநேரம் யோசித்துவிட்டு, வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார்கள். ஃபேக்டரி லெட்டர்ஹெட்டில் மூன்று காப்பி எடுக்கச் சொன்னார் ஆறுக்குட்டி. இன்டர்நெட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதுமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சீல் விழாத விதி ஒரு விதியா என்று அவர் சீறினார். செல்லையாவும் முதல்முறையாக அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

“சீல் இல்லாத கடதாசிய நம்பி அக்கரைத் தேயிலைத் தோட்டத்த விட்டு ஒருக்கா கப்பலேறுனதே போதும்” என்றார்.

அவள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்ட, இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார்கள். போடும்போதே, லினோலியம் விரிப்பில் வெட்டும் அச்சுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா என்று அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது. கையெழுத்தான எதையும் கேட்டில் ஒட்டுவது ஃபேக்டரி வழக்கம். ராஜப்ரியா சீலைக் குத்தி, ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

சற்று நேரத்தில் வெளியே பெரும் ஆரவாரம் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

“செதுக்கினவனுக்கு இம்புட்டு மரியாதையா” என்றார் செல்லையா. அவர் கண் கலங்கிவிட்டது. ஆறுக்குட்டிக்கும் பெருமை தாங்கவில்லை. நம் ஜனங்களுக்குக் கலை தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமே என்று மனசுக்குள் வருத்தப்பட்டார்.

அப்போது ஃபேக்டரிச் சங்கு ஊதியது. ஜன்னல் வழியே பார்த்தால், இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆறுக்குட்டி மேஜை மேலிருந்த காப்பியை வெடுக்கென்று எடுத்து, முதல்முறையாகப் படித்தார்.

‘வாரம் நான்கு நாள் வேலை. ஒருவரையும் நிறுத்துவதில்லை. ஃபேக்டரி இன்றே திறக்கப்படும்.’

“இது செல்லாது, நான் மாத்தணும்” என்று அவர் எழுந்தபோது, ராஜப்ரியா வாசலில் நின்றிருந்தாள்.

“பதினஞ்சாவது விதிப்படி ஒருத்தரா மாத்த முடியாதுங்க சார்” என்றாள் பணிவாக. “பதினாலாவதை மீறுனது நானில்லைங்க.”