பள்ளத்தில் காய்த்த முருங்கை

சேர்மக்கனியின் வாடகைக் காருக்கு அச்சு முறிந்தது அந்தப் பள்ளத்தில்தான். இழப்பீடு கேட்டு நெடுஞ்சாலை அலுவலகத்தில் மனு கொடுத்த கையோடு, இன்னொருத்தன் விழுந்து தொலையக் கூடாதே என்று ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்துப் பள்ளத்தில் நட்டுவைத்தான். பிழைப்பைத் தந்த கார் செங்கல்மேல் நின்று துருப்பிடித்தது. கொம்பு மட்டும் தழைத்துப் பூத்துக் காய்த்தது. அதன்பிறகுதான் பொறியாளர் பள்ளத்தை நேரில் பார்க்க ஜீப்பில் வந்தார்.

"பள்ளம் எங்கய்யா?"

"மரத்துக்கு அடியில சார்."

"எனக்கு மரம்தான தெரியுது. யாரு நட்டது?"

"நாந்தான் சார்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அரசாங்க ரோட்டை மறிச்சு மரம் நட்டுட்டு, எங்கிட்டயே பணம் கேக்கியா? ஒம்மேலதான்யா கேஸ் போடணும்."

சொல்லிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்தபடியே டிபன் கேரியரைத் திறந்தார். முருங்கைக்காய் சாம்பார். போன வாரமே அவருடைய டிரைவர் வந்து இந்த மரத்தில் பறித்துப்போன காய். பொறியாளர் ஒவ்வொரு துண்டையும் கண்ணை மூடி உறிஞ்சினார், மென்றார், எச்சில் ஒழுகும் சக்கையைச் சேர்மக்கனியின் காலடியில் துப்பினார். ஒன்று கட்டைவிரலில் வெதுவெதுப்பாக ஒட்டிக்கொண்டது.

அவர் ஏப்பம் விட்டதும் ஜீப் கிளம்பியது. கொஞ்சதூரம் போய் அடுத்த பள்ளத்தில் தொம்மென்று இறங்கி நின்றது. பொறியாளரின் தலை வெளியே நீண்டது.

"யோவ், இங்கயும் ஒரு கொம்பைக் கொண்டாய்யா!"

சேர்மக்கனி மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். இருப்பதிலேயே தடித்த கொம்பை ஒடித்து எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான்.