நடுவில் ஒரு ஏர்போர்ட்

தடதடவென்று படியில் செருப்புச் சத்தம். ஏறி வருகிற வேகத்தைக் கேட்டு, யாரோ கல்லூரிப் பெண் என்றுதான் மூன்றாவது மாடி டிராவல்ஸ் ஆபீஸில் இருந்த ஜன்னலக்கா நினைத்தாள்.

வந்து நின்றது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மூச்சுகூட வாங்கவில்லை. பின்னால் வந்த மகனுக்குத்தான் நாக்குத் தள்ளியிருந்தது.

"மூணு மாடிக்கு ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்றான்.

"உன் தொப்பைக்கு வேணா ஒண்ணு வைக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

எந்த விமானத்திலும் அடித்துப் பிடித்து ஜன்னல் சீட் வாங்கிக் கொடுத்துவிடுவாள் என்பதால், டிக்கெட் போடுகிற அவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பேர் ஜன்னலக்கா. பழைய வாடிக்கையாளரான வக்கீல் ஒருவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணுக்குப் பிரசவம்," என்றாள் அம்மா. "கடல் தாண்டி இருக்கா. நான் தனியாத்தான் போறேன். இதுதான் முதல் பிளைட்டு."

ஜன்னலக்காவுக்கு இந்த மாதிரி ஆட்கள் என்றால் உயிர். கீபோர்டை இழுத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"மூணு கம்பெனி இருக்கும்மா. இது நேரா கொண்டுபோய் இறக்கிடும். காலை நீட்டி உட்காரலாம். இது நடுவுல ஒரு இடத்துல மாறணும், ஆனா இறங்கி ஒரு காபி குடிக்கிறதுக்குள்ள அடுத்த பிளைட் வந்துடும். மூணாவது இருக்கு பாருங்க…" முகத்தைச் சுளித்தாள். "முன்னாடி சீட்டுக்காரன் சாய்ஞ்சா நம்ம முட்டிதான் அவனுக்குத் தலைகாணி. நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல பத்து மணி நேரம் கிடக்கணும். விலை குறைச்சல், அவ்வளவுதான். நான் யாருக்கும் போடறதே இல்லை."

"அந்த மூணாவதையே போடுங்க," என்றான் மகன்.

"சார், போகப்போறது நீங்க இல்லை. அம்மா."

"தெரியும். அப்புறம் நடுவுல இறங்கற ஏர்போர்ட்டுல வீல்சேர் வேணும்னு போட்டுடுங்க. அங்க மட்டும் போதும்."

"யாருக்குடா வீல்சேர்?" அம்மா திரும்பினாள். "எனக்கா? எனக்கென்ன வந்துச்சு?"

"இருக்கட்டும்மா."

வக்கீல் பேப்பரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

ஜன்னலக்கா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். வரிசையைத் தாண்டுவதற்காகவே வீல்சேர் கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன சார் இது? நாலு காசு மிச்சம் பிடிக்கப் பெத்தவங்களைப் பத்து மணி நேரம் போட்டு வாட்டணும். அதுக்கு வீல்சேர்ல வேற உட்கார வைக்கணும். நிஜமாவே நடக்க முடியாதவங்க அங்க காத்துக்கிட்டு நிப்பாங்க, தெரியுமா?"

அவன் மேஜையைப் பார்த்தபடி இருந்தான். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

"அம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் உங்களைப் பார்சல் கட்டி அனுப்பறார். பார்சலைக்கூடச் சீக்கிரம் போற வழியிலதான் அனுப்புவாங்க."

"சபாஷ்! நறுக்குனு கேட்டீங்க," என்றார் வக்கீல்.

அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அவனுக்கு என்ன முடையோ," என்றாள் மெதுவாக. "குடிக்கத் தண்ணி எங்கம்மா இருக்கு?"

உள்ளறையைக் காட்டினாள் ஜன்னலக்கா. அம்மா எழுந்து போனாள். அந்தப் படியேறின நடை இல்லை.

அவள் மறைந்ததும் மகன் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"வீல்சேர்னு எழுதியிருந்தாத்தான்க்கா, அதைத் தள்றவன் பிளைட் வாசல் வரைக்கும் வர முடியும். இல்லேன்னா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே வேலை போயிடும்."

"அவன் வந்தா என்ன, வராட்டி என்ன?"

"அந்த ஏர்போர்ட்டுல, இந்தக் கம்பெனி பிளைட்டுக்கு வீல்சேர் தள்றது என் தம்பி."

ஜன்னலக்கா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆறு வருஷமாச்சு, அம்மா அவனைப் பார்த்து. லீவு கேட்டா அப்படியே போயிடுங்கறாங்களாம். யார் யார் கால்லயோ விழுந்து அன்னிக்கு டூட்டி மாத்தி வாங்கியிருக்கான். சாப்பாட்டு நேரம், டீ நேரம்னு பத்து மணி நேரத்துல நாலு தடவையாவது பக்கத்துல வந்து உட்காருவான்."

"இதை அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே தம்பி…"

"கடைசி நிமிஷம் டூட்டியை மாத்திட்டாங்கன்னா? பத்து மணி நேரமும் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. வேண்டாம்க்கா. இறங்கினதும் அவன் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். அதுவரைக்கும் நான் கஞ்சப்பயலாவே இருந்துக்கறேன்."

உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணும் துடைத்த மாதிரிதான் இருந்தது. மகன் பக்கம் அவள் திரும்பவில்லை.

"அவன் சொன்னதையே போட்டுடும்மா," என்றாள். "எனக்காக நீ பேசினே. நல்லா இருப்பே."

வக்கீல் உச்சுக் கொட்டினார். "பெத்த மனசு!"

நீங்க நினைக்கிற மாதிரி இல்லைம்மா என்ற வார்த்தை ஜன்னலக்காவின் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லவும் வழியில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"பாஸ்போர்ட்டைக் குடுங்கம்மா," என்றாள்.

கீபோர்டை அருகில் இழுத்துக்கொண்டு, பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள்.