களத்தில் ஒரு மலேயா வீடு

கேழ்வரகு அடித்து ஓய்ந்த களத்தில், சாயங்கால வெயிலில், சென்னகிருஷ்ணன் தார்க்குச்சியால் கோடு கிழிக்கிறான். மலேயாவில் தங்கைக்கும் மச்சானுக்கும் ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டும் வேலையும் தோட்டத்து வீடும் பேசிவிட்டு வந்திருக்கிறான். தங்கை மாதம்மாளோ, "வூட்டப் பாக்காம கப்பலேற மாட்டேன்" என்று நிற்கிறாள். "அளவு மாறக்கூடாது ண்ணா." "காலால அளந்துதான் வந்தேன். இது அடுப்பங்கரை, உக்காந்து பாரு." அவள் கோட்டுக்குள் குந்தி, இல்லாத களியை இரு கையாலும் கிண்டுகிறாள். முழங்கை சுவரில் இடிக்கவில்லை. குந்தாரப்பள்ளி சந்தையிலிருந்து திரும்பும் மாடுகளின் மணி ரோட்டில் கேட்கிறது. மூக்கில் வேர்வை மினுங்க இன்னொரு சுற்று கிண்டுகிறாள். "எனக்கும் ஒரு உருண்டை போடு" என்று சிரித்தபடி அவள் புருஷன் எல்லப்பன் உள்ளே கால் வைக்கிறான். "யோவ், அது செவுரு! வாசல் அந்தாண்ட இருக்குது, சுத்திகினு வா" என்கிறாள் மாதம்மாள்.